இது யார் வீட்டுத் தூசி?

கம்பளத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாக நூல் இழுத்து அதை நான்கு பாகமாகப் பிரித்து வைத்திருந்தார் அந்த மனிதர். ஒவ்வொரு பாகத்திலும் ஒரு சீட்டு: ஏ, பி, சி, டி. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் இருந்த பாகத்தில் சி என்று எழுதியிருந்தது. "உங்க கம்பெனி பார்ட்டி சி. உங்க ஏரியா அதுதான்" என்றார்.

நான் ஒன்பது கிலோ மெஷினை ஸ்கூட்டியில் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் வரைக்கும் ஓட்டி வந்திருந்தேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்றாவது மாடி. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவளிடம் உட்காரச் சொல்லவில்லை, பெயர் கேட்கவில்லை. நானே சொல்லிக்கொள்கிறேன். என் பெயர் சிநேகா. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. கம்பளம், சோபா, மெத்தை எல்லாம் சுத்தம் செய்யும் மெஷினை வீடு வீடாகப் போய் ஓட்டிக் காட்டுவது என் வேலை. சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் முடிந்தால் வேலை நிரந்தரம்.

அவர் பெயர் நரசிம்மன். அணு ஆராய்ச்சிக் கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கம்பளம் அந்தக் காலத்தில் ஆபீஸ் பயணச் செலவு கொடுக்கும் எல்.டி.சி. லீவில் ஸ்ரீநகர் போனபோது வாங்கியதாம். வருஷத்தில் பத்து மாதம் வேர்த்துக் கொட்டும் இந்தக் கடலோர ஊரில் கம்பளிக் கம்பளம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் கம்பளம் இல்லை என்றால் எனக்குப் பிழைப்பு இல்லை, அதனால் "ரொம்ப அழகா இருக்கு சார்" என்றேன்.

ஆபீஸில் மெஷின் வாங்குவது போலவே வீட்டுக்கும் வாங்குகிறார். நான்கு கம்பெனியைக் கூப்பிட்டிருக்கிறார். ஒரு ஃபைல், அதில் கட்டம் போட்ட தாள். சத்தம் எவ்வளவு, வயர் எத்தனை மீட்டர், ஃபில்டர் என்ன தரம், பிரஷ் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று. வாங்கப்போவது தூசி உறிஞ்சும் மெஷினா ராக்கெட்டா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஒரு கேள்விக்குக்கூட நான் திணறவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஓட்டுவதற்கு முன்னால் தூசி டப்பாவைக் கழற்றிக் காலியாக இருப்பதைக் காட்ட வேண்டும். எங்கள் வேலையில் அதுதான் முதல் விதி. மற்ற வீடுகளில் சும்மா எட்டிப் பார்ப்பார்கள். இவர் செல்போன் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். விரலை விட்டு நான்கு பக்கமும் தடவினார். அந்த விரலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தாளில் ஒரு டிக் போட்டார்.

சாப்பாட்டு மேஜையை நானே நகர்த்தினேன். கால் மணி நேரம் ஓட்டினேன். அவர் மனைவி ராஜம் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் ஃப்ளாட் பெண் ஸ்வாதி, சத்தம் கேட்டு வேடிக்கை பார்க்க வந்தாள். ஓட்டி முடித்ததும் வெள்ளைத் துணியை விரித்து டப்பாவை அதில் கவிழ்த்தேன். எங்கள் மேனேஜர் வெங்கடேசன் சொல்லிக் கொடுத்த பாடம் அது: கொட்டு, கொட்டிவிட்டு வாயை மூடிக்கொள், மிச்சத்தைத் தூசி பேசிக்கொள்ளும்.

இரண்டு கைப்பிடி தூசி. சாம்பல் நிறம், முடி, நூல், கொசு இறக்கை.

"அய்யய்யோ ஆன்ட்டி, இவ்ளோவா? போன வாரம் என் பையன் இதுமேலதானே உருண்டுட்டு இருந்தான்!" என்றாள் ஸ்வாதி.

ராஜத்தின் முகம் கறுத்துவிட்டது. எனக்கே ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது. அந்த இரக்கம் அவருடைய அடுத்த வாக்கியத்தோடு போனது.

"இது எங்காத்துத் தூசி இல்லை. நான் தினம் பெருக்கித் துடைக்கறேன். அந்த மெஷின்லயே இருந்திருக்கும். எத்தனை வீட்டுக்குப் போயிட்டு வரதோ. எந்தெந்த மாதிரி வீடோ!"

மெஷினைப் பார்த்து இதைச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பார்வை எனக்குப் புதிது இல்லை. எங்கள் தெருவில் பிறந்த எல்லோருக்கும் அது தெரியும்.

நான் நரசிம்மனிடம் திரும்பினேன். "சார், நீங்களே டார்ச் அடிச்சுப் பார்த்தீங்களே. கைய விட்டுத் தடவிப் பார்த்தீங்களே."

அவர் மனைவியைப் பார்த்தார், ஸ்வாதியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "கன்டாமினேஷன் இருக்க வாய்ப்பு இருக்கு. ரூல் அவுட் பண்ண முடியாது" என்றார்.

அவர் வேலை பார்த்த இடத்தில் அந்த வார்த்தைக்கு என்ன எடை என்று எனக்குத் தெரியும். அதைத் தூக்கி என் தலையில் போட்டார். அப்புறமும் விடவில்லை. தாளில் சோபாவும் இருந்தது, இரண்டு மெத்தையும் இருந்தது, ஜன்னல் திரையும் இருந்தது. எல்லாவற்றையும் சுத்தம் செய்தேன். குடிக்கத் தண்ணீர் கேட்டபோது பேப்பர் கப்பில் வந்தது. குடித்துவிட்டுக் கப்பை என் பையிலேயே போட்டுக்கொண்டு வந்தேன். "முடிவை மெயில்ல சொல்றோம், பார்ட்டி சி" என்று கதவைச் சாத்தினார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். அம்மா பெயர் பொன்னி. மாமல்லபுரத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் ரூம் சுத்தம் செய்கிறாள்.

"இன்னாடி, மூஞ்சி இப்டி கீது?"

சொன்னேன். அம்மா கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டே கேட்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் முதலில் கொண்டைதான் மாட்டும்.

"நானும்தான் ரூமு கிளீன் பண்றேன். ஒண்ணாந்தேதி ஆனா சம்பளம் குடுக்கறான். நீ இன்னாடான்னா சும்மா போய்க் கிளீன் பண்ணிக் குடுத்துகினு வர்ற. நாலு கம்பெனிக்காரன் வந்து நாலு மூலையும் கிளீன் பண்ணிட்டுப் போய்ட்டா அவுங்களுக்கு மெஷினு இன்னாத்துக்கு? அடுத்த வாரம் நவராத்திரி. வூடு ரெடி!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஹாலில் சுவரோரமாக மூன்று அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தார்கள், கொலு பொம்மைகள். பி.எஸ்சி. படித்தவளுக்குத் தெரியாதது எட்டாவது ஃபெயிலான அம்மாவுக்கு நொடியில் தெரிந்துவிட்டது. என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

மூன்றாம் நாள் வெங்கடேசன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். எங்கள் ஆபீஸ் செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் மாடியில் இருக்கிறது. நரசிம்மனின் மெயில் ஹெட் ஆபீஸுக்கே போயிருந்தது. நல்ல இங்கிலீஷ், ஒரு பிழை இல்லை. பிற வீடுகளில் பயன்படுத்திய அசுத்தமான கருவியைச் சோதிக்காமல் தங்கள் இல்லத்துக்குள் கொண்டுவந்ததாகவும், வந்த பெண்ணுக்கு அடிப்படைச் சுகாதாரப் பயிற்சி இல்லை என்றும் எழுதியிருந்தார்.

அடிப்படைச் சுகாதாரம்! ஐந்து மணிக்கு எழுந்து குளிக்கிறேன். யூனிஃபார்மை இஸ்திரி போடாமல் ஒருநாள் போட்டதில்லை. ஒவ்வொரு வீட்டுக்குப் போய்வந்ததும் டப்பாவைக் கழுவி, துடைத்து, வெயிலில் காயவைக்கிறேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, விரலால் தடவிப் பார்த்துவிட்டு, டிக் போட்டுவிட்டு, அப்புறம் இப்படி எழுத ஒரு மனிதனுக்கு எப்படிக் கை வருகிறது? ராஜம் வெட்கத்தில் உளறினார் என்று விட்டுவிடலாம். இவர் மூன்று நாள் யோசித்து எழுதியிருக்கிறார்.

"நீ இன்னா எதிர்த்துப் பேசினியா?" என்றான் வெங்கடேசன்.

"இல்லண்ணா. வாயே தொறக்கல. அதான் தப்பு."

"இத பாரு சிநேகா, எனக்குத் தெரியும் நீ சுத்தமா வேலை செய்றவன்னு. ஆனா ஹெட் ஆபீஸ்ல அதெல்லாம் எடுபடாது. அந்த ஆளுகிட்ட புகாரை வாபஸ் வாங்கறேன்னு ஒரு லெட்டர் வாங்கினு வா. மாசக் கடைசிக்குள்ள வரலன்னா உன்னை வேலையிலருந்து எடுத்துடச் சொல்லிட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

எடுத்துவிட்டால்கூட வேறு வேலை தேடிக்கொள்வேன். ஆனால் என்ன காரணத்துக்காக எடுத்தார்கள் என்று ஃபைலில் இருக்கும். அழுக்கு. அந்த ஒரு சொல்லில் இருந்து வெளியே வரத்தான் அம்மா என்னைப் படிக்க வைத்தாள். அதை எழுத்தில் போட்டு, கீழே தன் பெயரும் போட்டு, என் பெயரோடு ஒட்டிவிட்டார் அந்த மனிதர். நான்கு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. வீடுகளுக்கு அனுப்பாததால் பத்து நாள் ஆபீஸில் உட்கார்ந்து விளம்பர நோட்டீஸ் மடித்தேன்.

ஆயுத பூஜை முடிந்து இரண்டாம் நாள், புது மெஷின் பொருத்திக் கொடுக்கச் சொல்லித் திருப்போரூரிலிருந்து ஒரு அழைப்பு. பெயர் நரசிம்மன். எங்கள் மெஷினேதான், நான் ஓட்டிக் காட்டிய அதே மாடல். ஆன்லைனில் விலை கம்மியாகக் கிடைத்தது என்று அதில் வாங்கியிருக்கிறார். அழுக்கு மெஷின் என்று எழுதிய அதே கையால் ஆர்டர் போட்டிருக்கிறார்.

பொருத்தும் வேலை பார்க்கும் ரஞ்சித்குமார் லீவு. "நீயே போ. காரியத்தை முடிச்சுட்டு நைசா பேசி லெட்டரை வாங்கினு வந்துடு" என்று வெங்கடேசன் டைப் செய்த தாளைக் கொடுத்தான். 'எனது புகாரைத் திரும்பப் பெறுகிறேன்.' ஒரே வரி. கீழே கையெழுத்துக்கு இடம்.

வழியெல்லாம் நைசாகப் பேசிப் பழகினேன். சார், ப்ளீஸ் சார், என் வேலை சார். திருப்போரூர் கோவில் குளம் வந்தபோது எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. பழகுவதை நிறுத்திவிட்டேன்.

கதவைத் திறந்த ராஜம் "நீயா?" என்றார். கொலு கலைத்தாகிவிட்டது. படிகளை மடக்கிச் சுவரில் சாத்தியிருந்தார்கள். புது மெஷின் டேப் பிரிக்காத பெட்டியில், கம்பளத்தின் நடுவில் இருந்தது. நரசிம்மன் ஃபைலோடு வந்தார்.

"சார், நீங்களே பிரிங்க" என்றேன்.

"அது உன் வேலை இல்லையா?"

"நான் தொட்டா தூசி வந்துடும் சார்."

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். அவரே கத்தி எடுத்து டேப்பை அறுத்தார். அவரே மெஷினைத் தூக்கினார். எதை எதில் மாட்ட வேண்டும் என்று வாயால் சொன்னேன், அவர் மாட்டினார். டப்பாவைக் கழற்றச் சொன்னேன். டார்ச் அடிக்கச் சொன்னேன். சொல்லாமலே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார், பழக்கம்.

"காலியா சார்?"

"காலி."

"மேடம், நீங்களும் ஒரு தடவை பாத்துடுங்க."

ராஜமும் வந்து பார்த்தார்.

"இப்ப ஓட்டுங்க சார். எங்க வேணா ஓட்டுங்க. நாலு கம்பெனி வந்து சுத்தம் பண்ண கம்பளம்தானே."

அவர் ஓட்டினார். முதல் தடவை பிடிப்பதால் மெஷின் அவரை இழுத்துக்கொண்டு போனது. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் குனிய முடியாமல் முனகினார். நான் நகர்த்த வரவில்லை. ஐந்து நிமிஷத்தில் நெற்றியில் வேர்வை. நிறுத்தி, டப்பாவைக் கழற்றி, கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே பார்த்தார். அது ஒளிவு மறைவு இல்லாத டப்பா, கண்ணாடி போல உள்ளே இருப்பதெல்லாம் தெரியும்.

முக்கால் டப்பா.

"புது மெஷின்ல இப்படித்தான் இருக்கும்" என்றார் கடைசியில். "ஃபாக்டரில டெஸ்ட் பண்ணியிருப்பா. அந்தத் தூசி உள்ளே எங்கயாவது ஒட்டிண்டிருந்து..."

கம்பெனி பயிற்சியில் வாடிக்கையாளரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஒரு வாரம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு வாரமும் அந்த நொடியில் காற்றில் போனது.

"இன்னா சார் பேசறீங்க? உள்ள நல்லா பாருங்க. கடலைத்தோலு கீது. கோலமாவு கீது. காஞ்ச மல்லிப்பூ கீது. ஃபாக்டரில கொலு வெச்சாங்களா? வந்தவங்களுக்கெல்லாம் சுண்டல் குடுத்தாங்களா?"

ராஜம் சட்டென்று புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று நான் பார்க்கவில்லை. எனக்கு அது தேவையில்லை.

"அன்னிக்கும் டார்ச் அடிச்சுப் பாத்தீங்க. கைய வுட்டுத் தடவினீங்க. டிக்கு போட்டீங்க. அந்தத் தாளு இப்பவும் அந்த ஃபைல்லதான் கீது. அப்புறம் நான் அழுக்குன்னு எழுதினீங்க. என் வேலை போவப்போவுது சார். போனாலும் பரவால்ல. அழுக்குன்னு எழுதினீங்க பாருங்க, அதான்."

நரசிம்மன் டப்பாவை இறக்கிப் பிடித்தார். "சரிம்மா, சரி. கோவப்படாதே. வித்ட்ரா பண்ணிடறேன். எங்கயாவது கையெழுத்துப் போடணுமா?"

தாளை மேஜைமேல் வைத்தேன். அவர் டப்பாவை ஒரு கையில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் பேனாவைத் தேடினார். 'புகாரைத் திரும்பப் பெறுகிறேன்' என்ற வரியை நான் மறுபடி படித்தேன். பெரிய மனது பண்ணி ஏதோ ஏழைப் பெண் என்று விட்டுக்கொடுத்தது போல இருந்தது. என் பேனாவை எடுத்தேன். அந்த வரிக்குக் கீழே எழுதினேன்: 'அன்று டப்பா காலியாக இருந்ததை நானே பார்த்தேன். அதில் வந்த தூசி எங்கள் வீட்டுத் தூசி.'

அவர் படித்தார். "இதெல்லாம் எதுக்கு? வித்ட்ரான்னாலே எல்லாம் அடங்கிடுத்தே."

"அடங்கல சார்."

அவர் யோசித்தார். அந்த நேரத்தில் ராஜம், சண்டையை எப்படியாவது முடித்துவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, மிகவும் தன்மையாக, "முதல்ல அவர் கையில இருக்கற அந்த டப்பாவை வாங்கிக் கீழ வாசல் கேட்டுக்குப் பக்கத்துல இருக்கற குப்பைத்தொட்டியில கொட்டிட்டு வந்துடேம்மா. அதுக்குள்ள போட்டு வெப்பார்" என்றார்.

நரசிம்மனும் டப்பாவை என் பக்கம் நீட்டினார். இருவருக்குமே அதில் தப்பு ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாங்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கி ஏறினால் கையெழுத்து. வேலை நிரந்தரம். இரண்டு நிமிஷ வேலை.

"கொட்ட மாட்டேன்" என்றேன். "உங்க வூட்டுத் தூசி. நீங்க கொட்டுங்க."

கை நீட்டியபடியே நின்றார். மேஜைமேல் வைக்கலாம், அது சாப்பாட்டு மேஜை. கம்பளத்தில் வைக்கலாம், சாய்ந்துவிடும். டப்பாவில் இருந்து கொஞ்சம் தூசி அவர் கட்டைவிரலில் சிந்தியது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததால் சட்டையிலும் பட்டது. கடைசியில் சமையலறைப் பக்கம் நடந்தார். உள்ளே போய் ஏதோ கதவைத் திறந்தார், மூடினார். இன்னொன்றைத் திறந்தார்.

"ராஜம்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நம்மாத்துல குப்பைக்கூடை எங்கே இருக்கு?"

ராஜம் அசையவில்லை. கண்ணை மூடித் திறந்தார். "முப்பத்தெட்டு வருஷமா சிங்குக்குக் கீழ" என்றார், அவருக்குக் கேட்காத குரலில். பிறகு என்னிடம் கையை நீட்டினார். "குடு அந்தக் காகிதத்தை. நான் போட்டுத் தரேன். எந்தாத்துத் தூசின்னு எனக்குத்தானே தெரியும்."

அவர் மனதாரத்தான் கேட்டார். எனக்குத் தெரிந்தது. ஆனாலும் தாளைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"வேணாம் மேடம். டார்ச் அடிச்சுப் பாத்தவரு அவருதான். எழுதினவரும் அவருதான். அவரே போடட்டும்."

"உனக்கு ரொம்பத்தான் கோவம்" என்றார் ராஜம்.

"ஆமா மேடம்."

உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. சமையலறையில் இன்னும் இரண்டு கதவு திறந்து மூடியது. ஒரு பாத்திரம் விழுந்தது. ராஜம் உதவிக்குப் போகவில்லை. கடைசியில் தட்டித் தட்டிக் கொட்டும் சத்தம் கேட்டது.

அவர் காலி டப்பாவோடு வந்தார். கை கழுவவில்லை, அது அவருக்கு நினைவே இல்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து நான் எழுதிய இரண்டு வாக்கியத்தையும் இன்னொரு தடவை படித்தார். பிறகு தேதி போட்டு, முழுப் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாளை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

ஆபீஸில் வெங்கடேசன் வாங்கிப் பார்த்தான். கையெழுத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. "இன்னாமா இது, அழுக்கா கீது. ஹெட் ஆபீஸுக்குப் போற லெட்டரு" என்று ரப்பரை எடுத்தான்.

"தொடாதண்ணா" என்றேன். "அது அவுங்க வூட்டுது. அப்டியே அனுப்பு."